செங்கல் வைத்த கதவு

அத்தியாயம் 9

சனிக்கிழமை சாயங்காலம் சுவர் எழும்பி முடிந்தது. கொத்தனார் கரணையைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிர்க் தெருவில் முப்பத்தோரு வருஷம் ஒரே கடையாக இருந்த ஆர்மிடேஜ் கடை மறுபடியும் இரண்டு கடையாகிவிட்டது. போன வாரம் அங்கேதான் விட்டோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினாலாம் நம்பர், கிளைவ் ஆர்மிடேஜின் இரும்புச் சாமான் கடை. ஆணி, பெயின்ட், எலிப்பொறி விற்பார், சாவி வெட்டிக் கொடுப்பார். பக்கத்துக் கடை, பதினாலு ஏ, அவர் மனைவி மோரீனுக்கு அவள் பெரியம்மா எழுதி வைத்துவிட்டுப் போன நூல் கடை. கம்பளி நூல், பொத்தான், ஜிப். அந்த நாளில் நடுச்சுவரில் இரண்டு தட்டு விழுந்தால் தேநீர் தயார் என்று அர்த்தம். தட்டித் தட்டியே பழகிப்போய், கல்யாணத்துக்கு முந்தின வாரம் கிளைவ் அந்தச் சுவரைச் சம்மட்டி எடுத்து இடித்தார். தார்ன்பெக் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது.

இடித்த சுவரை இப்போது ஏன் கட்ட வேண்டும்? கடை வரிதான், வேறென்ன. ஒரு கடையின் வருஷ மதிப்பு பன்னிரண்டாயிரம் பவுண்டுக்குள் இருந்தால் சின்னக் கடை என்று வரியே கிடையாது. தாண்டினால் தாளித்துவிடுவார்கள். இத்தனை நாளும் எல்லைக்குள் இருந்த கடை, புதிதாக மதிப்புப் போட்டதில் பதினாறாயிரத்துக்குப் போய்விட்டது. வருஷத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் வரி. ஆணியும் பொத்தானும் விற்று அதைக் கட்டுவதற்குக் கடையை மூடிவிட்டு வீட்டில் உட்காரலாம்.

பிரித்துவிட்டால் ஆளுக்கு எட்டாயிரம், இருவருக்கும் வரி இல்லை. ஆனால் இரண்டு கடையும் ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது, உள்ளே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக வழியும் இருக்கக் கூடாது. சேர்ந்திருந்தால் வரி, பிரிந்திருந்தால் சலுகை! இந்தச் சட்டத்தை எழுதின மகானுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது என்பது என் எண்ணம்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். மத்தியானம் இரண்டு மணிக்கு மதிப்பு அதிகாரி வருகிறார். அவர் பார்த்துவிட்டு 'இரண்டு கடை' என்று எழுதினால் பிழைப்பு. 'ஒன்று' என்று எழுதினால் மார்ச் மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காலையில் தபால்காரர் நைஜல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன கிளைவ், வீட்டுக்காரம்மா தனிக்கடை போட்டாச்சு போல? வீட்ல சோபாவுக்கு நடுவுலயும் கோடு கிழிச்சாச்சா?"

"உன் வாய்க்கு நடுவுல கிழிக்கப் போறேன் பாரு. தபாலக் குடுத்துட்டு நடையைக் கட்டு."

"நானா சொல்றேன்? ஊரு சொல்லுது. போர்டு வேற மாத்திட்டாங்களே, ஹோல்ராய்ட்னு."

அந்தப் போர்டு கிளைவுக்கு நெஞ்சில் முள். மோரீன் ஹோல்ராய்ட் என்பது அவள் பிறந்த வீட்டுப் பெயர். பெயர் வேறாக இருந்தால் பார்க்கிறவர்களுக்குத் தெளிவாக இருக்கும் என்று மகள் ஹேலி சொன்னாள். கிளைவ் "சரி" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் "சரி" என்கிற மனிதர். வீடு பற்றி எரிந்தாலும் "சரி" என்றுதான் வாளியைத் தேடுவார்.

நைஜல் போட்டுவிட்டுப் போன தபாலில் ஒரு உறை மோரீன் பேருக்கு வந்திருந்தது. 'மிஸஸ் எம். ஆர்மிடேஜ், 14, கிர்க் தெரு.' பழைய விலாசம். சுவர் இல்லாத நாளாக இருந்தால் அதுபாட்டுக்கு அவள் மேஜைக்குப் போயிருக்கும். உறையின் மூலையில் சந்தைத் திடலில் இருக்கிற தரகு அலுவலகத்தின் பெயர். கடைகளை விற்கிற, வாடகைக்கு விடுகிற அலுவலகம்.

கிளைவ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரிக்கவில்லை. அடுத்தவர் தபாலைப் பிரிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது, அதிலும் மோரீனுடையதை.

ஆனால் யோசிக்கத் தெரியுமே. பெரியம்மா கடை மோரீன் பேரில் இருக்கிறது. நடுவில் சுவர் எழும்பிவிட்டது. இப்போது அதைத் தனியாகக் கொடுத்துவிட்டு யாரும் எங்கேயும் போகலாம். விட்பியில் அவள் அக்கா 'கடல் காத்து வாங்க வாடி' என்று எத்தனை வருஷமாகக் கூப்பிடுகிறாள்.

பத்து எட்டு வைத்தால் அவள் கடை. கொண்டுபோய்க் கொடுத்து, என்ன இது என்று கேட்டிருக்கலாம். கிளைவ் உறையை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு பெயின்ட் டப்பாக்களைத் துடைக்க ஆரம்பித்தார். கடையில் ஒரு சத்தம் இல்லை. முப்பத்தோரு வருஷமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த அந்தப் பேச்சு, சிரிப்பு, கத்தரிக்கோல் மேஜையில் விழும் சத்தம், ஒன்றும் இல்லை.

பதினோரு மணிக்கு ஒரு அம்மாள் திரைச்சீலைக் கொக்கி வாங்கினாள். கையோடு நாலு பொத்தானும் கேட்டாள்.

"பொத்தான் பக்கத்துக் கடைலம்மா. வெளிய போய்ச் சுத்தி வரணும்."

"இந்த மழையிலயா? போன வாரம் இங்கதானே இருந்துச்சு?"

"கடை வரிம்மா."

"உங்க வரிக்கு நான் நனையணுமா? நல்லா இருக்குங்க நியாயம்." கொக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். பொத்தான் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் பார்த்துக்கொள்ளத்தானே போகிறார்கள், இதற்கு இவ்வளவு ஏக்கமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். வீட்டில் டிவி பேசும், இவர்கள் பேச மாட்டார்கள். மகள் பிறக்கப் போகிற சேதி, மோரீனின் அம்மா போன சேதி, கிளைவுக்கு நெஞ்சுவலி வந்த சேதி, எல்லாம் கடை மேஜைக்கு மேல்தான் பேசப்பட்டன. வாய் திறக்க அவர்களுக்கு அந்த இடம்தான் வேண்டியிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் மோரீன் மட்டும் என்ன சுகமாகவா இருந்தாள்? ஜன்னலில் நூல் உருண்டைகளை அடுக்கிக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சாவி வெட்டுகிற மெஷின் கிறீச்சிடும்போதெல்லாம் "பல்லு கூசுது, நிறுத்து கிளைவ்" என்று இத்தனை வருஷம் கத்தியிருக்கிறாள். இப்போது அந்தச் சத்தம் எப்போது வரும் என்று காது காத்துக் கிடந்தது.

ஜனவரியில் வரி நோட்டீஸ் வந்த அன்று கிளைவ் அதைப் படித்துவிட்டு, "சரி, மார்ச்சோட மூடிரலாம்" என்று மட்டும் சொன்னார். எழுந்து போய் எலிப்பொறிகளுக்கு விலைச்சீட்டு ஒட்டினார். ஒரே பொறிக்கு மூன்று சீட்டு ஒட்டியதை மோரீன் பார்த்தாள். மறுநாளே தரகு அலுவலகத்துக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு கடிதம் எழுதினாள். என் பக்கத்தைத் தடுத்து வாடகைக்கு விட்டால் என்ன வரும், எடுக்க ஆள் உண்டா என்று கேட்டு. தன் பாதி போனாலும் அவர் பாதி சின்னக் கடையாக நின்று பிழைக்கட்டும். அவள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தாலும் பரவாயில்லை, அவர் ஆணிக்கு நடுவில் இருக்கட்டும்.

பிறகு ஹேலி இந்தச் சுவர் யோசனையைக் கொண்டு வந்தாள். தரகரிடமிருந்து பதிலே இல்லை. மோரீன் அதை மறந்தே போனாள். சுவர் என்றதும் கிளைவ் "சரி" என்று சொன்னதை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை. ஒரு வார்த்தை, 'வேண்டாமே' என்று சொல்லியிருக்கக் கூடாதா?

ஒன்றேகாலுக்கு ஹேலி வந்தாள். கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை. அதிகாரிக்கு அனுப்பிய விண்ணப்பத்தையும் வரைபடத்தையும் அவள்தான் தயார் செய்து கையெழுத்தும் போட்டிருந்தாள். கிளைவ் கடை பின்கட்டில், பெயின்ட் டப்பாக்கள் இடுப்பு உயரத்துக்கு ஏதோ கோட்டை கட்டினாற்போல் இருந்தன. அதற்குப் பின்னால் ஒரு கதவின் மேல்பாதி தெரிந்தது.

"அப்பா, இது என்ன?"

"டப்பா."

"டப்பாவுக்குப் பின்னால?"

"கதவு."

"தெரியுது! அம்மா பக்கத்துச் சமையலறைக்குப் போற கதவு. சனிக்கிழமையே கொத்தனாரு அடைச்சிருக்கணும். அடைச்சாச்சுன்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன்!"

"நான்தான் வேண்டாம்னு அனுப்பிட்டேன்."

"ஏன்?"

கிளைவ் டப்பாவின் மூடியைத் துடைத்தார். "மத்தியானம் அங்கதான் சாப்பிடுவேன். முப்பத்தோரு வருஷமா."

"அப்பா, தெருவழியா வந்து அம்மா கடைக்குள்ள நுழைஞ்சு சாப்பிடேன்! யாரு வேண்டாங்கிறா?"

"கஸ்டமர் மாதிரி மணியடிச்சுட்டு வந்தா சூப்பு இறங்குமா?"

ஹேலிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அம்மாவுக்குத் தெரியுமா?"

"நேத்து ரெண்டு கிண்ணம் வச்சா. இன்னைக்கும் ரெண்டு கிண்ணம்தான் வச்சிருப்பா. என்னன்னு அவ கேக்கல, நானும் சொல்லல."

"அழகுதான் போங்க. பொய் விண்ணப்பம் குடுத்தேன்னு என் வேலைதான் போகப்போகுது. நான் அவருக்குப் போன் பண்ணி வேற நாளைக்கு வரச் சொல்றேன்."

போனை எடுப்பதற்குள் வாசல் மணி அடித்தது. அதிகாரி அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார். மிஸ்டர் லம். நாற்பது வயது, ஜலதோஷம், கையில் சிவப்புப் புள்ளி அடித்து அளக்கிற கருவி.

"மன்னிக்கணும், முந்தின இடத்துல கடை மூடிக் கிடந்துச்சு. எங்க போனாலும் இப்ப அப்படித்தான்." மூக்கைத் துடைத்துக்கொண்டு அளக்க ஆரம்பித்தார். "வாசல் கண்ணாடிலேருந்து உள்ள ஆறு மீட்டர் முழு மதிப்பு. அடுத்த ஆறு மீட்டர் பாதி. அதுக்கும் பின்னால அதுல பாதி."

"அப்ப நான் பின்னால கக்கூஸ்ல உட்கார்ந்து ஆணி வித்தா?" என்றார் கிளைவ்.

"ரொம்பக் குறைச்சலா வரும் சார்."

"அப்பா!" என்று ஹேலி பல்லைக் கடித்தாள்.

லம் பின்கட்டில் டப்பாக் கோட்டை முன்னால் நின்றார், பெரிதாக ஒரு தும்மல் போட்டார், எதையோ குறித்துக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. தெருவழியாக மோரீன் கடைக்குப் போனார். ஹேலி பின்னாலேயே ஓடினாள்.

அங்கேயும் அதே சிவப்புப் புள்ளி, அதே குறிப்பு. கடைசியில் சமையலறை. மேஜையில் இரண்டு கிண்ணம், இரண்டு கரண்டி. சுவர் ஓரம் ஒரு கதவு. அதில் மோரீனின் ஏப்ரன் தொங்கியது. ஏப்ரனுக்கு மேல் காலண்டர் தொங்கியது. காலண்டருக்குக் கீழே ஒரு கைப்பிடி, பித்தளையில், எத்தனை மறைத்தாலும் பளபளவென்று.

"இந்தக் கதவு எங்க போகுதும்மா?"

மோரீன் ஹேலியைப் பார்த்தாள். ஹேலி சுண்ணாம்பாக வெளுத்த முகத்தோடு இழுத்தாள். "அது வந்து... அலமா..."

கதவுக்குப் பின்னால் தடதடவென்று டப்பாக்கள் சரிந்தன. கைப்பிடி திரும்பியது. ஏப்ரனையும் காலண்டரையும் ஆட்டிக்கொண்டு கதவு திறந்தது. கிளைவ் நின்றார், மேலங்கி முழுக்க வெள்ளைப் பெயின்ட் தூசி.

"அலமாரி இல்ல சார். நான் சாப்பிட வர்ற வழி. அடைக்கச் சொன்னாங்க, நான்தான் அடைக்கல. பொண்ணுக்கு இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் தெரியாது. இவளுக்கும் இதுல ஒண்ணும்..."

"எனக்குத் தெரியும்," என்றாள் மோரீன். "தெரிஞ்சுதான் காலண்டரை மாட்டினேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லம் இரண்டு கிண்ணத்தையும் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"இந்தக் கதவு இருக்கிற வரைக்கும் நான் ஒரு கடைன்னுதான் எழுதணும். எனக்கு வேற வழி கிடையாது. பலகை அடிச்சாலும் செல்லாது. ஆனா சர்ச் பக்கம் எனக்கு இன்னும் ரெண்டு கடை பாக்க வேண்டியிருக்கு. அஞ்சு மணிக்குத் திரும்ப இந்த வழியாத்தான் வருவேன். அப்ப என்ன இருக்கோ அதை எழுதுவேன்." வாசல் வரை போனவர் திரும்பினார். "சூப்பு வாசனை பிரமாதம்மா."

"ஒரு வாய் சாப்பிட்டுப் போங்களேன்."

"கூடாதும்மா. விதி."

ஹேலி அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு திட்டினாள். பிறகு கொல்லையில் மிச்சம் கிடந்த செங்கல்லை அவளே மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூக்கி வந்து அடுக்கினாள். சிமென்ட் கிளைவ் கடையிலேயே இருந்தது. கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்தபோது மணி மூன்று. அலுவலகத்திலிருந்து நாலு தடவை கூப்பிட்டுவிட்டார்கள் என்று ஹேலி கிளம்பினாள்.

"அஞ்சு மணிக்குள்ள முடிச்சிடுப்பா. தயவு செஞ்சு."

"சரி."

கிளைவ் தன் பக்கத்திலிருந்து கட்டினார். மோரீன் சமையலறைப் பக்கம், கதவு இருந்த இடத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கடைக்கு யாராவது வந்தால் மணி அடிக்கும், எழுந்து போகலாம். யாரும் வரவில்லை.

முழங்கால் உயரம் வந்தது.

"நாளைக்கு மத்தியானம் என்ன சாப்பிடுவே?" என்றாள்.

"ப்ரெண்டா கடைல மீன் வாங்கிக்குவேன்."

"எண்ணெய்ல பொரிச்சதைத் தினமும் தின்னா நெஞ்சுக்கு ஆகுமா? சாண்ட்விச் கட்டித் தர்றேன்."

"சரி."

இடுப்பு உயரம் வந்தது. கரணை செங்கல்லைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எல்லாத்துக்கும் சரி, சரி!" என்றாள் மோரீன் திடீரென்று. "சுவருன்னு ஹேலி சொன்னப்பவும் சரின்னே. உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

கிளைவ் கலவையைக் கிளறினார். அவருக்கு இந்த மாதிரிப் பேச்சு வராது. ஆனால் சுவர் ஏறிக்கொண்டே இருந்தது, இப்போது சொல்லாவிட்டால் எப்போது?

"கடைல என்னால இருக்க முடியல, மோரீன்."

"ஏன், நெஞ்சு வலிக்குதா?"

"அதில்ல. சத்தமே இல்ல. நீ கஸ்டமர்கிட்ட வம்பளக்குறது, சிரிக்கிறது, என்னைத் திட்டுறது. அது இல்லாம எனக்கு... என்ன செய்யிறதுன்னே தெரியல. இன்னைக்கு ஒரே டப்பாவ ஏழு தடவை துடைச்சேன்."

மோரீன் ஏப்ரன் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கெட்டிலை வைக்கிறேன்" என்று எழுந்து போனாள். மணி நாலு. நாலு மணிக்குத் தேநீர், என்ன ஆனாலும்.

அவள் திரும்பி வருவதற்குள் சுவர் தலைக்கு மேல் போய்விட்டது. கிளைவ் ஏணிப்படியில் நின்றார். மோரீன் நாற்காலியில் ஏறி நின்றாள். நிலைக்குக் கீழே ஒரே ஒரு செங்கல் இடம் பாக்கி. அதற்குள்ளிருந்து அவருக்கு அவள் கண்ணும் மூக்கும் தெரிந்தன.

"இந்தா டீ." பச்சைக் குவளையை நீட்டினாள். விளிம்பு உடைந்த அவருடைய குவளை. இடைவெளியில் அது நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தாள், கொட்டியது. இருவரும் முழித்தார்கள்.

"பக்கத்துச் செங்கல்லைக் கொஞ்சம் பொறுத்து வச்சிருக்கக் கூடாதா நீ?" என்றாள்.

"எனக்கென்ன தெரியும்?" கிளைவ் கையைத் துடைத்துவிட்டு மேலங்கிப் பைக்குள் விட்டார். காலையிலிருந்து அங்கே இருந்த உறையை எடுத்தார். அது நுழைந்தது. "காலைல வந்துச்சு. உனக்குத்தான். பிரிக்கல."

அவள் உறையின் மூலையைப் பார்த்தாள். முகம் மாறியது. கிளைவ் அதைப் பார்த்தார், தப்பாகப் புரிந்துகொண்டார்.

"மோரீன், ஒண்ணு கேக்குறேன். அந்தக் கடைய விட்டுட்டு, உங்கக்காகிட்டயோ எங்கயோ, தனியாப் போகணும்னு உனக்கு இருந்தா சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இந்தச் சுவரே அதுக்காகத்தானோன்னு..."

அவள் உறையைக் கிழித்துப் படித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

கிளைவுக்குப் பயம் வந்துவிட்டது. அவள் வாயிலிருந்து 'ஆமாம்' என்ற சொல் வந்துவிட்டால்? கையில் இருந்த கடைசிச் செங்கல்லை, பதில் வருவதற்கு முன்னாலேயே, இடைவெளியில் வைத்துத் தள்ளிவிட்டார்.

"கிறுக்கு மனுஷா!" என்றாள் மோரீன் செங்கல்லைப் பார்த்து. "உன் கடை மூடக் கூடாதுன்னுதானே எழுதினேன்! உன்னை விட்டுட்டு நான் எங்க போவேன்?"

அது அவர் காதில் விழவில்லை, அந்தப் பக்கம் கரணை வழிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பழைய நாள் மாதிரி இரண்டு தட்டுத் தட்டலாம் என்று விரலை மடக்கினாள். கலவை ஈரமாக இருந்தது. தட்டினால் செங்கல் பெயர்ந்து விழும், ஐந்து மணிக்கு அதிகாரி வருவார். மடக்கின விரலோடு நாற்காலியில் நின்றாள்.

பிறகு கடிதத்தை மறுபடி படித்தாள். ஆள் கிடைத்துவிட்டதாம். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நூல் கடைப் பக்கத்தை எடுத்துக்கொள்ளத் தயாராம். அவர்கள் சொன்ன வாடகை, பொத்தான் விற்று அவள் ஒரு நாளும் பார்க்காத பணம். அது வந்தால் கிளைவ் இன்னும் பத்து வருஷம் கவலையில்லாமல் ஆணி விற்கலாம். ஆனால் அவர்களுக்கு இன்று சாயங்காலம் ஐந்தரைக்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் சந்தைத் திடலில் வேறு கடை பார்த்துக்கொள்வார்கள்.

ஐந்து மணிக்கு லம் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஈரக் கலவையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ஒருத்தர் கடைச் சாவி இன்னொருத்தர்கிட்ட இருக்கா?" என்று கிளைவிடம் கேட்டார்.

ஊருக்கெல்லாம் மாற்றுச் சாவி வெட்டிக் கொடுக்கிற மனிதர். வளையத்திலிருந்து நூல் கடைச் சாவியைக் கழற்றினார். முப்பத்தோரு வருஷத்தில் தேய்ந்து வழவழவென்று ஆன சாவி. லம் அதைக் கொண்டுபோய் மோரீனிடம் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் கிளைவ் கடைக்குள் தலையை நீட்டினார். "ரெண்டு கடைன்னு எழுதிட்டேன் சார். ரெண்டும் எல்லைக்குள்ளதான் வரும். வரி வராது."

"ரொம்ப நன்றி," என்றார் கிளைவ். 'வரி வராது' என்ற இந்த ஒரு வார்த்தைக்காக ஜனவரியிலிருந்து காத்திருந்தார். இப்போது அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். சொல்ல வேண்டியவள் அந்தப் பக்கம் இருந்தாள்.

ஐந்தரைக்குக் கடையைப் பூட்டினார். மழை விட்டு இன்னும் வெளிச்சம் இருந்தது. தினமும் இந்த நேரத்துக்கு இருவரும் சேர்ந்துதான் மேட்டுத் தெருவில் ஏறி வீட்டுக்குப் போவார்கள். பதினாலு ஏ முன்னால் போய் நின்றார். கதவில் 'மூடியிருக்கிறது' என்ற அட்டை தொங்கியது.

பக்கத்து மீன் கடை வாசலில் ப்ரெண்டா எண்ணெய்க் கையோடு நின்றாள். "யாரத் தேடுற? உன் வீட்டுக்காரியா?"

"எங்க போனா, தெரியுமா?"

"கால் மணி முன்னாடியே போயிட்டாளே. சந்தைத் திடல் பக்கம். கோட்டு போட்டுக்கிட்டு, கைல ஒரு கடுதாசி. கூப்பிட்டேன், திரும்பல. ரெண்டு பேருக்கும் சண்டையா?"

கிளைவ் நூல் கடைக் கதவுக்குத் திரும்பினார். கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். பூட்டியிருந்தது. சாவி வளையத்தை எடுத்து, இல்லாத சாவியை ஒரு தடவை தேடினார். பிறகு இரண்டு கையையும் கண்ணாடியில் குவித்து உள்ளே பார்த்தார்.

விளக்கை அணைக்காமல் போயிருந்தாள். மேஜை மேல், நூல் உருண்டைகளுக்கு நடுவில், அவருடைய பச்சைக் குவளை இருந்தது. ஆறிவிடாமல் இருக்க அதன் மேல் ஒரு சாஸரைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

கண்ணாடி அவர் மூச்சில் மங்கியது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.